மதகடியில் நின்றவள்

சேலம்
12-11-1978

பிரியமுள்ள அக்காளுக்கு நாச்சிமுத்து கும்பிட்டு எழுதுவது.

எனக்கு உடம்பு தேவலை. மெஸ் சோறு ஒத்துக்கொள்ளாமல் போன வாரம் இரண்டு நாள் படுத்திருந்தேன், இப்போது சரியாகிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானும் அத்தையும் சௌக்கியம்தானே?

"இந்த மாசம் என்ன படம் பார்த்தே, ஒண்ணு விடாம எழுது" என்று கேட்டிருந்தாய். தீபாவளிக்கு வந்ததில் "ஒரு தொட்டில் காத்திருக்கிறது"தான் இங்கே ஓட்டம். கதையைக் கேள். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒரு தாய் கைக்குழந்தையைத் தவறவிடுகிறாள். இருபது வருஷம் வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை எங்கேயோ வளர்ந்து வக்கீலாகி, அம்மா என்று தெரியாமல் அவளுக்கு எதிராகவே வாதாடுகிறான். கடைசியில் கோர்ட்டுக்குள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் அக்கா! ஜட்ஜே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பெண்கள் பக்கம் ஒரே விசும்பல்.

எங்கள் திரைப்படக் கழகத்து மாத இதழில் இந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். "கண்ணீரைப் படி போட்டு அளந்து விற்கும் கடை" என்று எழுதினேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். கழகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாற்பது பேர் கூடி, சின்ன புரொஜெக்டரில் வங்காளம், கேரளம் என்று எங்கெங்கோ எடுத்த நல்ல படங்களைப் பார்ப்போம். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கும் சின்னப்பராஜ்தான் செயலாளர். நாலு பக்கத்தில் ஓர் இதழ் போடுகிறோம். அதில் விமர்சனம் எழுதுவது நான். லாரி புக்கிங் ஆபீஸில் நாளெல்லாம் மூட்டைக் கணக்கு எழுதும் கைக்கு அது ஒன்றுதான் மரியாதை.

பதில் போடு.

உன் தம்பி
நாச்சிமுத்து

ஜேடர்பாளையம்
30-11-1978

தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா வள்ளியாத்தாள் எழுதறது.

மெஸ்ஸுல மோர் ஊத்தினா மோர் மட்டும் ஊத்திச் சாப்பிடு, கொழம்பு வேண்டாம். எனக்கு முழங்கால் பரவாயில்லை. உங்க மச்சான் நல்லா இருக்காங்க. அத்தைக்குக் கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்லை, மத்தபடி கொறையில்லை.

தொட்டில் கதையை மூணு வாட்டி படிச்சேன். நீ கேலி பண்ணித்தான் எழுதியிருந்தே, ஆனாலும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. வையாதே. இந்த ஊட்டுக்கு வந்து பதினோரு வருசமாச்சு, ஒரு தியேட்டர் வாசப்படி மிதிச்சதில்லை. நம்ம ஊட்டுப் பொம்பளைங்க படத்துக்குப் போற பழக்கமில்லைன்னு அத்தை வந்தன்னைக்கே சொல்லிட்டாங்க. நான் பார்த்த படம் பூராவும் உன்ற கடுதாசியிலதான் பார்த்தது.

இங்க ஒரு விசேசம். அணைக்கட்டுல படம் புடிக்க வந்திருக்காங்க. பெரிய கூட்டமெல்லாம் இல்லை, ஆறே பேரு. மாரியப்பன்னு ஒருத்தருதான் டைரக்டரு. வாழப்பாடிக்காரரு, சினிமாவுக்குன்னே காலேஜு இருக்குதாமே, அதுல படிச்சவராம். டான்ஸு கிடையாது, பாட்டு கிடையாது. நம்ம மாட்டு வண்டியைக் கேட்டாங்க, உங்க மச்சான் கொடுத்திருக்காங்க. மத்தியானச் சோறு நான்தான் ஆக்கிப் போடறேன். படத்துக்குப் பேரு "கல்மதகு"ன்னு சொல்றாங்க. இதெல்லாம் நல்ல படம்தானா? உனக்குத் தெரியுமே, எழுது.

அக்கா
வள்ளியாத்தாள்

சேலம்
9-12-1978

அக்காளுக்கு நாச்சிமுத்து.

நான் சுகம். மோர் யோசனை பலித்தது. அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை இங்கே கூட்டி வரச் சொல் மச்சானிடம், நான் கூட வருகிறேன்.

அக்கா, உன் கடிதத்தை ஆபீஸிலேயே படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். நல்ல படமாவாம்! நாங்கள் இத்தனை வருஷமாகக் காத்துக் கிடப்பது இந்த மாதிரிப் படத்துக்குத்தான். செட் இல்லாமல், பவுடர் இல்லாமல், இருக்கிற ஊரை இருக்கிறபடி எடுப்பது. காவேரிக்கரையில், என் அக்கா சோறு போட்டு ஒரு கலைப்படம் வளர்கிறது என்றால் சும்மாவா? சின்னப்பராஜிடம் சொன்னேன். முடிந்ததும் முதல் காட்சி நம் கழகத்தில்தான் என்று மாரியப்பனுக்கு எழுதிவிட்டார்.

ஒரே ஒரு பயம். நடிக்க மெட்ராஸிலிருந்து யாரையாவது கூட்டி வந்திருப்பார்கள். அங்கேதான் இந்த மாதிரிப் படங்கள் கோட்டை விடும். அந்தப் பெண் எப்படி நடக்கிறாள், எப்படிப் பேசுகிறாள், பார்த்து எழுது.

நாச்சிமுத்து

ஜேடர்பாளையம்
4-2-1979

தம்பிக்கு அக்கா எழுதறது.

பொங்கலுக்கு நீ வருவேன்னு பச்சரிசி மாவு இடிச்சு வெச்சிருந்தேன். ஆபீஸுல லீவு கொடுக்கலைன்னு கார்டு வந்துச்சு. சரி, உடம்பைப் பார்த்துக்க. இங்க எல்லாரும் இருக்கறோம்.

படம் புடிக்கறவங்க தை பொறந்ததும் கெளம்பிட்டாங்க. ஆமா, மெட்ராஸிலிருந்து ஒரு புள்ள நடிக்க வந்துச்சு. நல்ல புள்ள, என்னைய அக்கான்னுதான் கூப்பிடும்.

தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அந்தப் படம் சேலத்துக்கு வந்ததும் நீ மொத ஆளாப் பார்க்கோணும். பார்த்துட்டு எப்பவும் எழுதற மாதிரி எனக்கு முழுசா எழுதோணும். அதுல மதகுகிட்ட ஒரு பொம்பளை நிக்கறது வரும். அவளைப் பத்தித் தனியா எழுது. நல்லா இருந்துச்சா இல்லையான்னு உள்ளதை உள்ளபடி எழுது.

ஏன்னு கேக்காதே. இங்க ஊட்டுல அந்தப் படத்தைப் பத்தி ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்குது. அத்தைக்கும் உங்க மச்சானோட அண்ணனுக்கும் அது புடிக்கலை. என்ற தம்பிக்கு இதெல்லாம் தெரியும், அவன் பார்த்துட்டு எழுதட்டும், அப்பறம் பேசலாம்னு நான் வாய் விட்டுச் சொல்லியிருக்கேன்.

அக்கா

சேலம்
21-8-1979

அக்காளுக்கு நாச்சிமுத்து கும்பிட்டு.

சுகம். ஆடிப்பெருக்குக்கு அணைக்கட்டில் கூட்டம் எப்படி? அத்தை கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார்களா?

போன ஞாயிறு எங்கள் கழகத்தில் "கல்மதகு" போட்டோம். சொன்னபடி மாரியப்பனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உனக்கு எழுதுகிற நேரத்தில் இதழும் அச்சாகி வந்துவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்ட பெண்ணைப் பற்றி நான் எழுதியதை இங்கேயும் ஒரு முறை எடுத்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னது நீதான்:

"மதகுக் காவலாளியின் மனைவியாக வரும் நடிகைக்குச் சேற்றில் கால் வைத்துப் பழக்கமில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிகிறது. குழந்தை வாய்க்காலில் போய்விட்டது. மதகை அடைத்துத் தேடுகிறார்கள். தாய் பத்து நிமிடம் நட்டுவைத்த கல்லாக நிற்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எவளும் இப்படி நிற்கமாட்டாள். பட்டணத்து நடிகையை வரப்பில் நிறுத்திவிட்டால் கிராமம் வந்துவிடாது என்பதை இயக்குநர் எப்போது உணர்வார்?"

கொஞ்சம் காரம்தான். ஆனால் நம் ஆட்களின் படம் என்பதற்காகப் பாராட்டினால் நான் விமர்சகன் இல்லை. கழகத்தில் எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள். ஊட்டில் பேச்சு ஓடுகிறது என்றாயே, தாராளமாக இதை எடுத்துக் காட்டு.

நாச்சிமுத்து

ஜேடர்பாளையம்
10-9-1979

தம்பிக்கு அக்கா எழுதறது.

இதழ் கெடைச்சுது. இங்க எல்லாருக்கும் சுகம். மழை இல்லை.

நீ படத்தை முழுசா உக்காந்து பார்த்தியா? அந்தப் பொம்பளை என்ன கலர்ல சேலை கட்டியிருந்தா? அதை மட்டும் எழுது.

அக்கா

சேலம்
16-9-1979

அக்காளுக்கு நாச்சிமுத்து.

என்ன இவ்வளவு சின்னக் கடிதம்? உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? முழங்கால் மறுபடியும் வலிக்கிறதா?

முழுசாகப் பார்க்காமல் எழுதுவேனா? முன்வரிசையில் உட்கார்ந்து, நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்தேன். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், சிவப்புக் கரை போட்டது. சேற்றில் நிற்பவளுக்கு அவ்வளவு பளிச்சென்ற சேலை எதற்கு என்று எழுத நினைத்தேன், இடம் போதவில்லை. நீ அந்தச் சேலையை நேரில் பார்த்திருப்பாயே, ஞாபகத்துக்குக் கேட்கிறாயா?

அடுத்த மாதம் மலையாளப் படம் ஒன்று வருகிறது. கதையை எழுதுகிறேன்.

நாச்சிமுத்து

சேலம்
5-11-1979

அக்காளுக்கு நாச்சிமுத்து கும்பிட்டு எழுதுவது.

அங்கே எல்லாரும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். மலையாளப் படத்துக் கதையை எட்டுப் பக்கம் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. அதற்கப்புறம் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. தீபாவளிக்கு வருஷா வருஷம் வரும் பலகாரம்கூட வரவில்லை. பலகாரத்துக்காகக் கேட்கவில்லை. மச்சானுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அத்தைக்கா? விமர்சனத்தில் கோபமா? அந்த மெட்ராஸ் பெண் உன்னோடு நன்றாகப் பழகினாள் என்று எழுதியிருந்தாய். அவளைத் தாக்கி எழுதியதில் உனக்கு வருத்தமிருந்தால் சொல்லிவிடு. கலையில் முகம் பார்க்க முடியாது அக்கா.

ஒரு வரி போதும், போடு.

நாச்சிமுத்து

ஜேடர்பாளையம்
24-11-1979

மாப்பிள்ளை நாச்சிமுத்துக்குத் தங்கசாமி எழுதிக்கொண்டது.

எனக்கும் அம்மாவுக்கும் சுகம். உங்க அக்கா சுகமா இருக்கான்னு என்னால எழுத முடியலைங்க மாப்பிள்ளை. நான் கடுதாசி எழுதிப் பழக்கமில்லாதவன். தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

மதகுகிட்ட நின்னது உங்க அக்காதான்.

மெட்ராஸ் புள்ளைக்கு வந்த பத்தாம் நாளே காய்ச்சல் வந்து ஊருக்குப் போயிருச்சு. மாரியப்பன் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. சோறு போட வந்த உங்க அக்காவைப் பார்த்துட்டு, "நீங்க ஒண்ணும் நடிக்க வேண்டாங்க, மதகை மூடறப்ப நின்னு தண்ணியைப் பார்த்தாப் போதும்"னு கேட்டாரு. நான்தான் போய் நில்லுன்னு சொன்னவன். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அப்பவே ஆகலை. குடும்பத்துப் பொம்பளை கூத்தாடப் போயிட்டான்னு ரெண்டு மாசம் சண்டை. உங்க அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னா. "என்ற தம்பி பார்த்துட்டு எழுதுவான். அவன் கேவலம்னு எழுதினா நான் உங்க காலுல உழுகறேன்"னா. நீங்களாக் கண்டுபுடிச்சு "அக்கா, நீயா!"ன்னு எழுதோணும்னு அவளுக்கு ஆசை. அதனாலதான் உங்களுக்கு மறைச்சா.

இதழ் வந்தன்னைக்குப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. சந்தோசமா அண்ணன் கையில கொடுத்தா. அவரு வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சாரு. சேத்துல கால் வெச்சுப் பழக்கமில்லைன்னு படிச்சப்ப சிரிச்சாங்க. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எவளும் இப்படி நிக்கமாட்டான்னு படிச்சப்ப யாரும் சிரிக்கலை. அம்மா எந்திரிச்சு, "கூடப் பொறந்தவனே எழுதிட்டான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

எங்க பாப்பா காய்ச்சல்ல போய் ஆறு வருசமாச்சு. அன்னைக்கு உங்க அக்கா எப்படி நின்னான்னு நீங்களும் பார்த்தீங்க.

அன்னையிலிருந்து சமைக்கறா, மாடு பார்க்கறா. பேச்சில்லை.

இன்னொண்ணு. அந்தப் படம் கறுப்பு வெள்ளைங்க மாப்பிள்ளை. அதுல எந்தச் சேலையும் கலர் தெரியாதுன்னு மாரியப்பன் அன்னைக்கே சொல்லியிருந்தாரு. மஞ்சச் சேலைன்னு நீங்க எழுதின கடுதாசியை உங்க அக்கா ஒரு வாட்டிதான் படிச்சா. அப்பறம் மடிச்சு என்ற கையில கொடுத்துட்டா.

இப்படிக்கு
தங்கசாமி

சேலம்
6-1-1980

அக்காளுக்கு.

உன் நலத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. மச்சான் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. எத்தனையோ தடவை எழுதி எழுதிக் கிழித்தேன். இதில் எதையும் மறைக்கப் போவதில்லை.

நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம்கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழகத்துக்குத்தான் கிளம்பினேன். போகிற வழியில் ஒரு தியேட்டரில் "ஒரு தொட்டில் காத்திருக்கிறது" மறுபடியும் போட்டிருந்தார்கள். உள்ளே போய்விட்டேன். மூன்றாவது தடவை அக்கா. இதழில் எந்தப் படத்தைக் கடை என்று எழுதினேனோ அதே படம். கோர்ட்டுக்குள் தொட்டில் வந்ததும் கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். கழகத்தில் யாருக்கும் இது தெரியாது. கலைப்படங்களில் பாதி நேரம் எனக்குத் தூக்கம்தான் வரும். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் இதழுக்கு விமர்சனம் வேண்டும் என்றார் சின்னப்பராஜ். வயிற்றுவலி, பாதியில் போய்விட்டேன் என்று சொல்லிக் கதையைக் கேட்டேன். "மெதுவான படம். ஒரு பொம்பளை மதகுகிட்ட நின்னுக்கிட்டே இருக்கா, அழவே மாட்டேங்கறா" என்றார். முன்பே அச்சடித்த நோட்டீஸில் அந்த மெட்ராஸ் நடிகையின் பெயர் இருந்தது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமை.

மச்சான் கடிதம் பார்த்ததும் மாரியப்பனுக்குத் தந்தி கொடுத்தேன். கோயமுத்தூரில் ஒரு கழகத்தில் போடுவதாகச் சொன்னார். லீவு போட்டுவிட்டுப் போனேன். யாரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

அக்கா, நீ வருகிறாய். முழங்காலைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து இறங்குகிறாய். ஆட்கள் மதகுப் பலகையை இறக்குகிறார்கள். தண்ணீர் வற்றுகிறது. உன் கால் இரண்டும் சேற்றில் கணுக்கால் வரைக்கும் புதைகிறது, நீ எடுக்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. கை மட்டும் சும்மா இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாய், பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி காற்றில் ஒரு தடவை துடைக்கிறாய். அப்புறம் அவிழ்த்து விடுகிறாய். மறுபடியும் சுற்றுகிறாய். 

பாப்பா போன அன்றைக்கு மாட்டுக்கொட்டாய் ஓரத்தில் நீ இப்படித்தான் நின்றாய். நான் காலை பஸ்ஸுக்கு வந்தேன். உன்னைப் பார்த்தேன். கிட்டே வரப் பயமாக இருந்தது. பரீட்சை என்று சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். சேலத்தில் இறங்கி நேராக ஒரு தியேட்டருக்குள் போனேன். என்ன படம் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. தமாஷ் படம், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் இருட்டில் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து எனக்கு அழுகை அங்கேதான் வரும். இப்படி நின்ற தாயை ஒருத்தன் கண்ணால் பார்த்திருந்தால் அது நான்தான். எந்தத் தாயும் இப்படி நிற்கமாட்டாள் என்று எழுதியதும் நான்தான்.

படத்தைப் பார்க்காமலே எழுதினேன், எழுதியது பொய் என்று என் பெயர் போட்டு இந்த மாத இதழில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சின்னப்பராஜ் படித்துவிட்டு, "நானும் பாதி தூங்கிட்டேன்யா" என்றார். அச்சடித்தார். இனி நான் விமர்சனம் எழுதுவதில்லை. மச்சானின் அண்ணனுக்கு ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதக் கை வரவில்லை.

நாச்சிமுத்து

ஜேடர்பாளையம்
11-3-1980

தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா எழுதறது.

இங்க எல்லாரும் இருக்கறோம். உங்க மச்சானுக்குச் சளி, கசாயம் வெச்சுக் கொடுக்கறேன். நீ எளைச்சுப் போயிட்டே, வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்ற கடுதாசி வந்து ரெண்டு மாசமாச்சு. பதில் எழுத உக்காருவேன், எந்திரிச்சுருவேன். கோவமில்லைன்னு எழுதினாப் பொய்யாப் போயிரும். பார்க்காம எழுதினதுல எனக்கு வருத்தந்தான். ஆனா அதை உட அன்னைக்கு நீ ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போனதுதான் இத்தனை வருசமா மனசுல கெடந்துச்சு. பரீட்சைன்னு சொன்னே. காலேஜுக்கு லீவு உட்ட மாசத்துல என்ன பரீட்சை? எனக்கு அன்னைக்கே தெரியும். தியேட்டர்ல அழுதேன்னு இப்ப எழுதியிருக்கறே. அங்க போய் அழுதா எனக்கு எப்படிச் சாமி தெரியும்?

நீ அச்சடிச்சு அனுப்பினதையும் உங்க மச்சானோட அண்ணன்தான் படிச்சாங்க, அதே வாசல்ல நின்னு. இந்த வாட்டி கொரல் எழும்பலை. படிச்சு முடிச்சதும் அத்தை, "அப்ப அந்தப் படத்துல என்னதான் இருக்குது?"ன்னு கேட்டாங்க.  நானே பார்த்ததில்லையே.

உங்க மச்சான் மாரியப்பனுக்கு எழுதினாங்க. அவரு நம்மூருக்குப் பக்கத்துல இருக்கற வேலூர் தியேட்டர்ல பேசி, போன ஞாயித்துக்கெழமை காலைக் காட்சி ஒண்ணு போட்டாரு. ஊரே வந்துச்சு. அத்தையும் வந்தாங்க, பொறந்ததுக்கு மொத வாட்டி தியேட்டருக்குள்ள. கண்ணு சரியாத் தெரியாதுன்னு முன்னால உக்கார வெச்சோம்.

என்னைய நானே பார்க்கறது ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. கை அப்படிப் பண்ணினது எனக்குத் தெரியவே தெரியாது. மாரியப்பன் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

திரும்பி வாரப்ப பஸ்ஸுல அத்தை என்ற பக்கத்துல உக்காந்தாங்க. பாண்டமங்கலம் தாண்டுச்சு. அப்பறம் என்ற கையை எடுத்து அவங்க மடியில வெச்சுக்கிட்டு, "சௌந்திரம் போன அன்னைக்கும் நீ இப்படித்தான் நின்னே. பெத்த புள்ளைக்கு அழுகாத கல்லுன்னு உன்னைய ஊரெல்லாம் சொன்னவ நான்தான்"னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். கண்டக்டரு எங்களைப் பார்த்துட்டு டிக்கெட் கேக்காமப் போயிட்டாரு.

சௌந்திரம்னு அந்தப் பேரை இந்த ஊட்டுல ஒருத்தரு சொல்லிக் கேட்டு ஆறு வருசமாச்சு தம்பி. எல்லாரும் பாப்பான்னு சொல்லுவாங்க, இல்லாட்டி அந்தப் புள்ளைன்னு சொல்லுவாங்க. நீயும் உன்ற கடுதாசியில பேரை எழுதலை.

நீ கடைசி வரிசையில கதவோரமா உக்காந்திருந்ததை நான் பார்த்தேன். மாரியப்பன் உனக்கும் சொல்லியிருப்பாருன்னு தெரியும். மதகு மூடறப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டே. லைட்டுப் போடறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டே. உங்க மச்சான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினாங்க. நீ பஸ்ஸுல மூஞ்சியை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்ததா வந்து சொன்னாங்க.

அவ போன நாளு வைகாசி நாலாந்தேதி வருது. இந்த வருசம் அவளுக்குப் படையல் போடலாம்னு அத்தையே சொல்லியிருக்காங்க. அவளுக்குப் புடிச்ச பணியாரம் சுடறேன். நீ மொத நாளே வந்துரு. வந்தா என்ற பக்கத்துல நிக்கோணும், அழுகை வந்தா அங்கயே அழுதுக்க. திரும்பிப் போறதுக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸுன்னு விசாரிச்சுக்கிட்டு வராதே.

அக்கா
வள்ளியாத்தாள்